பெரிய கிராணியின் டிஸ்கெட் சத்தம் போடாது

மலேசியாவின் புக்கிட் செராயா தோட்டத்தில் ஏர்கோன் இரண்டே இடத்தில்தான் ஓடியது. ஒன்று தோட்டத்தை நடத்தும் துரையின் அறை. இன்னொன்று கம்ப்யூட்டரின் அறை. துரையின் அறைக்குள் கால் சப்பாத்தோடு போகலாம். கம்ப்யூட்டர் அறைக்குப் போகிறவர்கள் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். இந்த விதியைப் போட்டவர் ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி பாலகிருஷ்ணன். ஒருநாள் துரையே மறந்துபோய்ச் சப்பாத்தோடு உள்ளே வந்துவிட்டார். பெரிய கிராணி பல்லைக் காட்டி நாற்காலி போட்டார். துரை போன பிறகு தரையை இரண்டு தடவை துடைக்கச் சொன்னார்.

அது எண்பத்தேழாம் வருடம். அசாம் ஜாவா வட்டாரத்திலேயே முதல் கம்ப்யூட்டர் இதுதான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் போன வருடமே வந்தாயிற்றே என்று யாராவது இழுத்தால், "அது டைப் அடிக்குது லா. நம்மளுது யோசிக்குது" என்பார். கிள்ளானில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வாங்கிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மெஷினுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் மாலைகூட வாங்கியாயிற்று. படத்துக்கு மாலை போட்டால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றல்லவா அர்த்தம் என்று டிரைவர் எடுத்துச் சொன்னதால் மாலை கோயிலுக்குப் போனது.

லீலாவதிக்கு அந்த அறையில் ஒரு நாற்காலி கிடைத்தது. கூடவே பெரிய கிராணி ஒரு பட்டமும் கொடுத்தார்.

"இங்க பாரு புள்ள. இந்த ஆபீசுல நான் மூளை, நீ கை. கை யோசிக்கக் கூடாது. மூளை சொன்னதச் செஞ்சா போதும்."

பால்மரம் சீவும் செல்லனுக்கும் தாயம்மாவுக்கும் ஒரே மகள் அவள். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, பஸ் மாறி பஸ் ஏறிக் கிள்ளானில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வருடக் கடைசியில் பெரிய கிராணி துரையிடம் நல்ல வார்த்தை சொன்னால் உண்டு. சொல்லாவிட்டால் பால் சுமக்கும் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் பின்னாலேயே மர நிரைக்குப் போக வேண்டியதுதான்.

வேலை என்னவோ கஷ்டமில்லை. யார் யார் வேலைக்கு வந்தார்கள், எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார்கள், எந்த நிரையில் எத்தனை செம்பனைக் குலை வெட்டினார்கள் என்று ஆட்களை மேய்க்கும் மண்டோர்கள் எழுதித் தரும் செக்ரோல் பதிவேட்டைப் பார்த்து மெஷினில் அடிக்க வேண்டும். அது கறுப்பு டிஸ்கெட்டில் போய் உட்கார வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

டிஸ்கெட்டைச் சொருகிக் கதவை மூடியதும் மெஷின் முதலில் கனைக்கும். அப்புறம் கறட்டுக் கறட்டென்று அரைக்கும். ஆட்டுக்கல்லில் மணல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். கடைசியில் டக் டக் டக்கென்று உள்ளே யாரோ மண்டையை முட்டிக்கொள்வார்கள். திரையில் மெஷின் கேட்கும்: நிறுத்தட்டுமா, மறுபடி பார்க்கட்டுமா, கண்டுக்காமல் விடட்டுமா? பிறந்ததிலிருந்து யாரும் லீலாவதியிடம் இத்தனை மரியாதையாக அபிப்பிராயம் கேட்டதில்லை. 'மறுபடி பார்' என்று அமுக்குவாள். மறுபடி கறட்டு, மறுபடி டக் டக். பத்துத் தடவை முட்டினால் ஒரு தடவை படிக்கும். சில நாள் ஒரேயடியாகக் கையை விரித்துவிடும். அன்றைக்குக் காலையிலிருந்து அடித்ததெல்லாம் போச்சு. ஒரு மூச்சு விட்டுவிட்டு செக்ரோலின் முதல் பக்கத்தைத் திருப்புவாள்.

அழுகை வந்த காலம் உண்டு. இப்போது கொட்டாவிதான் வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரிய கிராணியின் டிஸ்கெட் சத்தம் போடாது.

மெஷினோடு கூட வந்த டிஸ்கெட் அது. போட்டால் திரையில் ஒரு கப்பல் இடமிருந்து வலமாகப் போகும். அவ்வளவுதான் அதன் வேலை. அதைக் கைக்குட்டையில் சுற்றித் தன் மேசை டிராயரில் வைத்திருந்தார். கோயில் கமிட்டிக்காரர்கள், பள்ளித் தலைமையாசிரியர், சுங்கை பெசாரிலிருந்து வந்த மச்சான் என்று யார் வந்தாலும் சப்பாத்தைக் கழற்றவைத்து உள்ளே கூட்டிவருவார். கையை உதறிக்கொண்டு டிஸ்கெட்டைப் போடுவார். கப்பல் போகும். மெஷின் பால் குடித்த பூனையாகப் படுத்திருக்கும்.

"பாத்தீங்களா? சத்தமே இல்ல. இப்பப் பாருங்க. லீலா, நீ போடும்மா."

அவள் போடுவாள். கறட்டுக் கறட்டு. டக் டக் டக்.

வந்தவர்கள் அவள் கையைப் பார்ப்பார்கள். பெரிய கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மெஷினும் ஆள் பாக்கும் போல" என்பார். பாவம், அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் கையைப் புகழ்ந்துகொள்ள அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கை தேவைப்பட்டது.

ஆபீசில் சொன்னது தொழிலாளர் லயத்துக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? லீலாவதி சைக்கிளில் வீடு சேருவதற்கு முன்னால் அது போய்ப் பசியாறிவிட்டுப் படுத்திருக்கும். முதலில் "மெஷினுக்கு அவ கை ஒத்துக்கலையாம்" என்றார்கள். அடுத்த வாரம் "அவ கையே ராசியில்லையாம்" என்றார்கள். பக்கத்து வீட்டு நாகமணி கோழிக்கு அடை வைக்கும்போதெல்லாம் முட்டையை லீலாவதி கையால்தான் எடுத்து வைக்கச் சொல்வாள். அந்த மாதம் கூப்பிடவில்லை. நாலு வீடு தள்ளியிருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டாள். லீலாவதி தண்ணீர்க் குழாயடியில் நின்று அதைப் பார்த்தாள். நாகமணியும் அவள் பார்ப்பதைப் பார்த்தாள்.

"உனக்கு வேல அலுப்பா இருக்கும்னுதான் கூப்பிடல லீலா" என்றாள்.

"ஆமாக்கா. முட்ட தூக்குறது பெரிய அலுப்புதான்."

தாயம்மாவுக்குத் தூக்கம் போனது. "வேல போனா போகட்டும்டி. சீவுறதுக்கு மரமா இல்ல? ராசியில்லாத கைன்னு பேரோட வெளிய வந்தியானா எவன் வீட்டுல உன்ன வெளக்கேத்த விடுவான்? கடைக்காரன் வீட்டுச் சம்பந்தம் வருமா? கல்லாப் பொட்டிகிட்ட நிக்க விடுவானா?"

"மெஷின் கெட்டுப்போயிருக்குமா."

"அப்ப அவரு போட்டா மட்டும் ஏன் சும்மா இருக்கு?"

இந்தக் கேள்விக்கு லீலாவதியிடம் பதில் இருந்தது. பெரிய கிராணி சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம், டிராயரைத் திறந்து கைக்குட்டையை அவிழ்த்து, கப்பல் டிஸ்கெட்டைத் தன் கையால் போட்டுப் பார்த்தாள். கப்பல் சத்தமில்லாமல் போனது. ஆக, குற்றம் கையில் இல்லை, டிஸ்கெட்டில். எல்லாம் ஒரே கம்பெனி, மெஷினோடு வந்த ஒரே பெட்டி. புதிதில் அவையும் சாதுவாகத்தான் இருந்தன. ராத்திரி ஸ்டோர் அலமாரிக்குப் போய்வந்த பிறகுதான் கத்தத் தொடங்கின. ஆனால் இதை யாரிடம் சொல்வது? ஐயா, உங்கள் டிராயரைத் திருட்டுத்தனமாகத் திறந்தேன் என்று ஆரம்பிக்க வேண்டும். திருட்டுக் கை என்பது ராசியில்லாத கையைவிட எந்த விதத்தில் மேல்?

தினமும் சாயங்காலம் பெரிய கிராணி டிஸ்கெட்டுகளை வாங்கி எண்ணிப் பார்த்து, ஸ்டோருக்கு எடுத்துப்போய் இரும்பு அலமாரியில் பூட்டுவார். காலையில் திறந்து எடுத்துவருவார். சாவி அவர் இடுப்பில். அந்த அலமாரியை அவர் திறக்கும்போது ஸ்டோர் கதவைச் சாத்திக்கொள்வார். சாமிக்குத் திரை போட்ட மாதிரி எல்லாரும் வெளியே நிற்பார்கள்.

மழை மாதத்தில் ஒருநாள் மெஷின் எந்த டிஸ்கெட்டையும் படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் கப்பலும் நடுக்கடலில் நின்றுவிட்டது. மச்சானை நிற்க வைத்துக்கொண்டே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் பெரிய கிராணி கிள்ளானுக்கு டெலிபோன் போட்டார்.

பழுது பார்க்க வந்த சீனன் பெயர் ஆ லியோங். சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் அவன் பெரிய கிராணியை ஒரு பார்வை பார்த்தான். காலுறையில் பெருவிரல் தெரிந்தது. மெஷினின் மூடியைக் கழற்றினான். டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு டிஸ்கெட்டை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினான். அப்புறம் கத்திரிக்கோல் கேட்டான்.

"எதுக்கு?" என்றார் பெரிய கிராணி மலாயில்.

"இது செத்துப்போச்சு, போஸ். வயித்தக் கிழிச்சுப் பாப்போம்."

கறுப்பு உறையின் விளிம்பை நறுக்கி விரித்தான். உள்ளே பழுப்பு நிறத்தில் மெல்லிய வட்டத் தகடு. அதன் இரண்டு பக்கமும் உறையில் ஒட்டியிருந்த மெத்தென்ற வெள்ளைத் துணி. விரலால் துணியைத் தட்டினான். மேசையில் மாவு கொட்டியது.

"அடோய்! இனி பெடாக் லா!"

மலாயில் 'இனி' என்றால் இது, 'பெடாக்' என்றால் பவுடர். அதைத் தோட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லீலாவதி குனிந்து பார்த்தாள். முகத்துக்குப் போடும் பவுடர் இல்லை. ரப்பர்ப் பாளங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஸ்டோரில் தூவும் கல்மாவு.

பெரிய கிராணியின் முகம் மலர்ந்தது. "அது வந்து, நம்ம ஸ்டோருல மழ காலத்துல..." என்று தமிழில் பெருமையாகத் தொடங்கினார். ஆ லியோங் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் வாக்கியம் அப்படியே நின்றது.

அவன் பாட்டுக்கு விளக்கினான். இந்தத் துணி தூசியைத் துடைக்கத்தான் இருக்கிறது. அதில் மாவை நிரப்பினால் உப்புத்தாள் ஆகிவிடும். தகடு சுற்றும்போது உராயும், கறட்டுக் கறட்டென்று கத்தும். சுற்றுவது தடுமாறினால் மெஷினுக்கு எழுத்து தெரியாது. எழுத்து தெரியாவிட்டால் படிக்கிற முள் முதல் கோட்டுக்கே திரும்பிப் போய் மறுபடி வரும். அதுதான் டக் டக். மாவு இப்போது மெஷினுக்குள்ளேயும் போய்விட்டதால் நல்ல டிஸ்கெட்டும் படிக்காது. "எந்தப் பைத்தியம் போட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பஞ்சை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த துரையும் அதையே கேட்டார், கொஞ்சம் நாகரிகமாக.

"விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்றார் பெரிய கிராணி. "சாப்பாட்டுக்குப் பிறகு."

சாப்பாட்டு நேரத்தில் அவர் சாப்பிடவில்லை. லீலாவதியை ஸ்டோருக்குக் கூப்பிட்டார். வழக்கமாகத் தான் மட்டும் சாத்திக்கொள்ளும் கதவை இன்று திறந்தே வைத்தார். கல்மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்ற அவர் சட்டைப் பையின் விளிம்பிலும் கொஞ்சம் வெள்ளை இருந்தது.

"பன்னண்டு வருஷம் இந்த ஸ்டோருல இருந்தவன் நான். ஒரு பாளம் ஒட்டுனதில்ல. கிள்ளான்ல என்ன சொன்னான்? ஈரம் படாம பாத்துக்கன்னு சொன்னான். தகடு மெல்லிசு, உறையோட ஒட்டிக்கிட்டா? முன்யோசனைல நடு ஓட்ட வழியா நானே தூவுனேன். அதுவும் தினமும். மூளை இருக்கவன் செய்யுற வேல."

மூளைக்கு முன்னால் கை பேசக் கூடாது என்பது விதி.

அவர் குரல் இறங்கியது. "நீ சின்னப் புள்ள. அனுபவம் பத்தாம நான்தான் போட்டேன்னு நீ சொன்னா, துரை சிரிச்சிட்டு விட்டுடுவாரு. நான்னு தெரிஞ்சா என் நெலம என்ன? கோயில் தலைவரு, பள்ளிக்கூடத்துல பெற்றோர் சங்கம்... ஊருக்கே கம்ப்யூட்டரு காட்டுனவன். வருஷக் கடைசில உன் பேர நான்தான எழுதணும். நிரந்தரம்னு எழுதிடுறேன். என்ன சொல்ற?"

அவளுக்கு முதலில் கோபம் வந்தது. அது வந்த வேகத்திலேயே களைத்து உட்கார்ந்துவிட்டது. இத்தனை மாதம் 'மறுபடி பார்' என்று அமுக்கி அமுக்கி அவளுக்குக் கோபப்படத் தெம்பில்லை. யோசித்தாள். உண்மையைச் சொன்னால் துரை நம்புவாரா? நம்பினாலும் இந்த மனிதரோடு ஒரே அறையில் எத்தனை வருடம்? சரி, பழியை ஏற்றால்? டிஸ்கெட்டுக்குப் பவுடர் போட்ட பைத்தியக்காரி என்பார்கள். சிரிப்பார்கள். எத்தனை நாள்? அடுத்த கூத்து வரும்வரை. ஆனால் ராசியில்லாத கை? அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. சிரிக்காத பேர் சாகும்வரை கூடவே வரும்.

மடத்தனத்துக்கு மன்னிப்பு உண்டு. ராசிக்கு அப்பீல் கிடையாது.

"சொல்றேங்கய்யா" என்றாள். "ஆனா ஒண்ணு."

"என்ன?"

"சத்தம் பவுடராலதான் வந்துச்சு, கையால இல்லன்னு நீங்க சொல்லணும்."

"துரைகிட்டயா? அதான் அந்தச் சீனனே சொல்லிட்டானே."

"துரைக்கு என் கையப் பத்தி என்ன கவல? பெரட்டுல சொல்லணும். எல்லாரு முன்னாலயும்."

பெரட்டு என்றால் விடியுமுன் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் இடம். அங்கே சொன்னது தோட்டத்தில் கெஜட்டில் வந்ததற்குச் சமம். பெரிய கிராணி மூட்டைகளைப் பார்த்தார். பேச ஒரு கூட்டம் கிடைக்கிறது என்பது மெதுவாக அவருக்கு உறைத்தது.

"செய்யலாம்" என்றார்.

துரை அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இனிமேல் பவுடர் வேண்டாம் என்றார். ஆ லியோங் போகும்போது, "தங்கச்சி, பெடாக் உன் மூஞ்சிக்கு மட்டும்" என்றான். செய்யாததை இனிமேல் செய்ய மாட்டேன் என்று இரண்டு பேரிடமும் உறுதி கொடுத்தாள்.

வீட்டில் அம்மாவிடம் அதையே சொன்னாள். உண்மையை அம்மாவிடம் சொன்னால், அது குழாயடிக்குப் போகாமல் இருக்காது.

தாயம்மா வாயைப் பிளந்தாள். "பவுடரா? ஸ்டோரு மாவா? நீயா போட்ட?"

"ஆமா."

"கிள்ளானுக்கு பஸ் காசு குடுத்து உன்னப் படிக்க வெச்சது இதுக்குத்தானா? அறிவு கெட்டவளே!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கை அங்கேயே தங்கிவிட்டது. "அப்ப... கையில ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்ல."

தாயம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பைத்தியக்காரச் சிறுக்கி! நான் பெத்த முட்டாளு!" என்று மகளின் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள். அன்றைக்கு இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். செல்லன் மட்டும், "மாவு மூட்ட ஸ்டோருலதான இருக்கு? சாவி கிராணிகிட்டல்ல?" என்று ஏதோ ஆரம்பித்தார். லீலாவதி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கருவாட்டைப் போட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கருவாட்டைப் பார்த்தார்.

மறுநாள் பெரட்டில் பெரிய கிராணி பெஞ்சின் மேல் ஏறி நின்றார். இரண்டு வார்த்தையில் முடிய வேண்டியது வெளுக்கும்வரை நீண்டது. விஞ்ஞானம் வளர்ந்த விதத்தில் தொடங்கி, உராய்வு என்றால் என்ன என்பதில் நுழைந்து, தானே ஆராய்ந்து கண்டுபிடித்ததாக ஆ லியோங்கின் விளக்கம் முழுவதையும் ஒப்பித்தார். ஆகவே சத்தத்துக்குக் காரணம் மாவுதானே தவிர, இந்தப் பெண்ணின் கைராசிக்கும் அதற்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை என்றார். தவறுவது இளமையின் இயல்பு, மன்னிப்பது பெரியவர்களின் கடமை, நான் மன்னித்துவிட்டேன் என்று முடித்தார். கைதட்டல் எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் பெஞ்சிலேயே நின்றார். ஒரு மண்டோர் தட்டினான்.

"ஏம்மா லீலா, பவுடரு மட்டுந்தானா? பொட்டு வெக்கலியா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"நம்ம மூஞ்சிக்கு ஒரு டப்பா வாங்க வக்கில்ல, மெஷினுக்கு மேக்கப்பு!" என்றாள் நாகமணி. வாளிகள் அதிரச் சிரித்தார்கள். லீலாவதியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்து வைத்தாள். இப்படி ஒரு முட்டாளைப் பெற்றதற்காக அம்மா கூட்டத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றதை அவள் பார்த்தாள்.

வருடக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரமானது. புது டிஸ்கெட்டுகள் வந்தன. பெரிய கிராணி பெட்டியை இரண்டு கையிலும் ஏந்தி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, அவள் மேசையில் வைத்தார். உறையைப் பிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"நீயே மொதல்ல பிரி" என்றார்.

"ஏங்கய்யா?"

"தோட்டத்துல எத்தன பேரு கை இருக்கு? பெரட்டுல வெச்சு, ஒண்ணும் கொற இல்லன்னு சொன்ன கை உன்னது ஒண்ணுதான். நல்ல காரியம், உன் கையால ஆரம்பிக்கட்டும்."

அவர் கேலி பேசவில்லை. லீலாவதி அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்து மெஷினில் போட்டாள். மெஷின் லேசாகக் கனைத்தது. விளக்கு எரிந்து அணைந்தது. சத்தமே இல்லை.

"பாத்தியா?" என்றார் பெரிய கிராணி. "அதான் ராசிங்கறது."

செக்ரோலின் முதல் பக்கத்தைத் திருப்பி அவள் அடிக்க ஆரம்பித்தாள்.